ராசியில்லாத கடையும் எங்கள் அக்காவும்

1973ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் திகதி, திங்கட்கிழமை. பண்டாரவளையில் விடியும்போதே தூறல் இருந்தது. அக்கா வழக்கம்போல ஐந்து மணிக்கு எழுந்து அடுப்பை மூட்டி எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினார். ரொட்டியும் கட்டச்சம்பலும் செய்து, தன் பிள்ளைகள் இருவருக்கும் கணவரான மச்சானுக்கும் எனக்கும் தனித்தனியாகக் கட்டி வைத்தார். ஏழு மணிக்குக் கடைப் பலகைகளை வரிசை மாறாமல் கழற்றிச் சுவரில் சாய்த்தார். சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றினார். பிறகு தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டு, பழந்துணி ஒன்றில் ஒரு தையல் ஓட்டி, கறை விழவில்லை என்று பார்த்துக்கொண்டார். அதற்குப் பின்தான் வாடிக்கையாளரின் துணியைத் தொட்டார்.

அப்போது நான் பண்டாரவளையில் ஆசிரியர். திருமணம் ஆகவில்லை. அக்காவின் கடைக்குப் பின்னால் இருந்த இரண்டு அறைகளே எங்கள் எல்லோருக்கும் வீடு. படிக்கிற காலத்திலிருந்து நாட்குறிப்பு எழுதிவருகிறவன் நான் என்பது உறவினர்களுக்குத் தெரியும். ஆகவே மேலே எழுதியதில் ஐயம் வேண்டாம். அன்று மாலை நடந்ததிலும் ஐயம் வேண்டாம்.

மாலையில் கடையின் சொந்தக்காரர் வேலாயுத முதலாளி குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். அக்கா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை.

“தங்கச்சி, எனக்குச் சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாது. கடைய எனக்குத் திருப்பிக் குடுத்துருங்க. எம் மகன் பாலு புடவைக்கடை போடப் போறான்.”

“என்ன முதலாளி திடுதிப்புன்னு? நாங்க ஏதாச்சும் கொற வச்சோமா?”

“ஒரு கொறையும் இல்ல. ஒத்த மெஷினோட வந்தீங்க. இன்னைக்கு ஹல்துமுல்லையிலேருந்து கல்யாணத் துணி ஒங்களத் தேடி வருது. எதனால? எடத்து ராசி! சோசியர்கிட்டயும் கேட்டுட்டேன். இந்த ராசி எம் மகனுக்கும் கொஞ்சம் கெடைக்கட்டுமே. இதுவரைக்கும் அவன் தொட்டது எதுவும் வெளங்கல.”

இரும்புக் கடையில் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்த மச்சான், வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டார்: “அப்ப நாங்க போகும்போது ராசிய இங்கயே விட்டுட்டுப் போயிரணுமா முதலாளி? சாவியோட சேத்துத் தரவா?”

முதலாளியும் சிரித்துவிட்டார். அவர் கெட்டவர் அல்லர். மாத முடிவு வரை தவணை தந்தார். மறுநாள் ஆள் மூலமாக ஒரு சீப்பு வாழைப்பழமும் அனுப்பி வைத்தார். ஆனால் முடிவை மாற்றவில்லை.

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர், அக்காவைப் பற்றிப் பேசினால் முதலில் சொல்வது “அவங்க கைராசிக்காரங்க” என்பதைத்தான். அன்பால் சொல்கிறீர்கள். அக்காவுக்கு மட்டும் அந்தச் சொல் பிடிக்காது. “கைராசின்னு சொல்லிட்டா, அப்புறம் கைய யாரும் பாக்க மாட்டாங்க தம்பி” என்பார். அவருடைய முதலாம் ஆண்டு நினைவில் அவருக்கு நான் செய்யக்கூடியது, எது அதிர்ஷ்டம், எது உழைப்பு என்று நடந்தது நடந்தபடி எழுதுவதுதான்.

அக்கா பிறந்தது பூனாகலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில். நாங்கள் நான்கு பிள்ளைகள், அவர் மூத்தவர். அப்பா தேயிலை ஆலையில் வேலை செய்தார். அம்மா கொழுந்து பறித்தார். ஐந்தாம் வகுப்போடு அக்காவின் படிப்பு நின்றது. தோட்டத்து டாக்டரையா வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார்கள். அக்காவை அனுப்பினோம். அந்த வீட்டில் ஒரு தையல் மெஷின் இருந்தது. டாக்டரம்மாவுக்குச் சீராக வந்தது. அவருக்குத் தைக்கத் தெரியாது, விருப்பமும் இல்லை. அதன்மேல் பூச்சாடி வைத்திருந்தார். இது அதிர்ஷ்டம் என்று ஒப்புக்கொள்கிறேன். லயத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேருக்குக் கிட்டாத அதிர்ஷ்டம்.

ஆனால் பூச்சாடியை இறக்கி வைக்கலாமா என்று கேட்டது அக்கா. டாக்டரம்மாவின் பழைய ரவிக்கை ஒன்றைக் கேட்டு வாங்கி, தையலைப் பிரித்து, துண்டுகளைத் தரையில் பரப்பி, எந்தத் துண்டு எதோடு சேர்கிறது என்று பார்த்து, மறுபடி தைத்தார். பிறகு மறுபடி பிரித்தார். துணி நைந்து கிழியும்வரை அந்த ஒரு ரவிக்கையையே பிரித்துப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தார். “நீ தைக்கிறியா பிரிக்கிறியாடி?” என்று அம்மா கேட்பாராம். குழந்தை வளர்ந்து அக்கா வேலையை விட்டு நின்றபோது டாக்டரம்மா அந்த மெஷினையே அவருக்குக் கொடுத்துவிட்டார்.

மச்சானைக் கைப்பிடித்துப் பண்டாரவளைக்கு வந்த அக்கா, 1965இல் வேலாயுத முதலாளியின் கடையில் அந்த மெஷினைப் போட்டார். ஹல்துமுல்லைப் பக்கத்துப் பெண் ஒருத்திக்குப் பேசிய கல்யாணம் மூன்று முறை தட்டிப்போயிருந்தது. நான்காம் முறை அவளுடைய முகூர்த்த ரவிக்கையை அக்கா வெட்டினார். கல்யாணம் நடந்துவிட்டது. மாப்பிள்ளைக்கு வேலை உறுதியானதுதான் காரணம். அது யாருக்கு வேண்டும்? அன்றிலிருந்து கல்யாண வீட்டார் வெற்றிலை, பழம், மஞ்சளோடு துணியைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து, “மொத வெட்டு ஒங்க கையால போடுங்க” என்று நிற்க ஆரம்பித்தார்கள். ரவிக்கையோடு விட்டார்களா? ஒரு சந்தை நாளில் ஓர் ஆள் கோழியை இடுக்கிக்கொண்டு வந்தார்.

“அக்கா, இது முட்டையே போட மாட்டேங்குது. ஒரு தடவ தொட்டுட்டு விடுங்க.”

“நான் தையக்காரிங்க. கோழிக்கு ரவிக்க வேணும்னா சொல்லுங்க, அளவெடுக்கிறேன்” என்றார் அக்கா.

அந்த ஆள் போகவில்லை. மச்சான் கோழியை வாங்கி அக்காவின் முழங்கையில் ஒரு தட்டுத் தட்டித் திருப்பிக் கொடுத்தார். அடுத்த சந்தைக்கு அவர் இரண்டு முட்டையோடு வந்து நின்றபோது அக்காவுக்கு வந்த கோபத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இந்த நிலையில்தான் கடையை விட வேண்டி வந்தது. மே மாதக் கடைசிக்குள் அகப்பட்டது ஒரே ஓர் இடம். பதுளைக்குப் போகும் வீதியில், மேட்டை வெட்டிக் கட்டிய கடை. ஊரில் அதற்குப் பெயரே ராசியில்லாத கடை. அதன் சொந்தக்காரர் ஹாஜியார், ஒளிவுமறைவு இல்லாதவர்.

“தங்கச்சி, நான் மறைச்சுச் செல்ல மாட்டேன். அந்தக் கடையில பரக்கத் இல்லண்டு எல்லாரும் செல்றாங்க. மொதல்ல ஒரு தேத்தண்ணிக் கடை. பொறகு ரேடியோ திருத்துற பொடியன். கடைசியா சலூன். ஒருத்தரும் ஒரு வருசம் நிக்கல்ல. நாளைக்கு என்னக் கொற செல்லப்படாது.”

“சொல்ல மாட்டேன் ஹாஜியார். உள்ள ஒருக்கா பாக்கலாமா?”

அக்கா உள்ளே போனதும் வாஸ்து பார்க்கவில்லை, வாசல் எந்தத் திசை என்று கேட்கவில்லை. துணியின் தரம் பார்ப்பதுபோலப் பின்சுவரில் உள்ளங்கையை வைத்துத் தடவினார். முழங்கால் உயரத்தில் சாந்து மாவாக உதிர்ந்தது. வெளியே போய்க் கடைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். மேட்டிலிருந்து இறங்கும் தண்ணீரைக் கொண்டுபோக அங்கே ஒரு கான் வெட்டியிருந்தார்கள். அது மண் மூடி, மானாப்புல் முளைத்து, இருந்த இடமே தெரியவில்லை. மழைத் தண்ணீர் போக வழியின்றிச் சுவருக்குள் இறங்கியிருந்தது.

“அதான் சங்கதி. தேத்தண்ணிக் கடைக்காரருக்குச் சீனி இளகியிருக்கும். விசுக்கோத்து நமுத்திருக்கும். ரேடியோவுக்குள்ள ஈரம் ஏறியிருக்கும். சலூன் கண்ணாடி புள்ளி விழுந்திருக்கும்” என்றார் அக்கா.

மச்சான் நெற்றியில் அடித்துக்கொண்டார். “அட பாவமே! அந்த ரேடியோக்காரப் பையன் சனி புடிச்சிருக்குன்னு ஒரு கோயில் விடாம சுத்துனானே. கான்ல ஒருக்கா மம்பட்டிய போட்டிருந்தா சனி அன்னைக்கே எறங்கியிருக்கும்!”

மம்பட்டியை நாங்கள் போட்டோம். மச்சானும் நானும் வெட்ட, அக்காவும் பிள்ளைகளும் மண்ணை அள்ளிக் கொட்டினார்கள். காற்றடிக்கும் காலம் தொடங்கியிருந்தது. சுவர் மளமளவென்று காய்ந்தது. ஹாஜியார் சுண்ணாம்பு வாங்கித் தந்தார். ஜூன் மாதத்தில் குடிபுகுந்தோம்.

உழைத்தார், உடனே உயர்ந்தார் என்று இந்த இடத்தில் எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். ஆனால் அது பொய்யாகிவிடும். அக்காவின் கை அதே கை. மெஷின் அதே மெஷின். ஆட்கள்தான் வரவில்லை. ஆனி, ஆவணி முகூர்த்தங்கள் கடந்துபோயின. ஒரு கல்யாணத் துணிகூட வரவில்லை. சந்தையில் எதிர்ப்பட்ட பெண்கள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒங்க கையில ஒரு கொறையும் இல்லக்கா. எடந்தான்…” என்று இழுத்துவிட்டுப் போனார்கள். புதுத் துணி கிடைப்பதே அரிதாக இருந்த காலம் அது. அக்கா பழைய சட்டைகளின் தேய்ந்த கொலரைப் பிரித்து, மறுபுறம் திருப்பித் தைத்துக் கொடுத்தார். தோட்டத்தில் கொடுக்கும் கம்பளியில் நைந்த பகுதியை ஒதுக்கிவிட்டு, நல்ல பகுதியில் பிள்ளைகளுக்குக் குளிர்ச்சட்டை வெட்டினார். ஒரு நாளும் கடையைத் திறக்காமல் இருந்ததில்லை. ஆனால் கல்யாண வேலை இல்லாமல் அந்தக் கடை நிற்காது என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அக்கா சொன்னார்: “தை பொறக்கட்டும். அதுக்குள்ள ஒரு கல்யாணத் துணி வரலன்னா மெஷின வித்துட்டு பூனாகலைக்கே போயிருவோம். தோட்டத்துல பேர் பதிஞ்சு கொழுந்துக்குப் போறேன்.”

எதற்கும் ஒரு கேலி வைத்திருக்கும் மச்சான் அன்று தட்டைப் பார்த்தபடி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஐப்பசியில் மழை பிடித்தது. பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால் இருந்த மதில் ஒரு காலையில் மண்ணோடு சரிந்தது. நல்லவேளையாக யாருக்கும் அடி படவில்லை. மண்ணை அள்ளி மதிலைத் திரும்பக் கட்டும்வரை, பூனாகலைப் பக்கத்துப் பஸ்களைப் பதுளை வீதியில் நிறுத்தச் சொன்னார்கள். எங்கே என்கிறீர்கள்? சரியாக அக்காவின் கடைக்கு முன்னால்.

இது அதிர்ஷ்டம்தான். இதில் எங்கள் குடும்பத்தார் ஒருவருடைய வியர்வையும் இல்லை.

மழைக்கு ஒதுங்க அந்த வரிசையில் வேறு கடைகளும் இருந்தன. எல்லாவற்றிலும் பின்சுவர் கசிந்து தரை சொதசொதவென்று கிடந்தது. காய்ந்த தரை அக்காவின் கடையில் மட்டுந்தான். முதல் நாள் இரண்டு பெண்கள் வாசற்படியில் தயங்கி நின்றார்கள். “உள்ள வந்து குந்துங்க. ராசி ஒட்டிக்காது, பயப்படாதீங்க” என்றார் அக்கா. அவர்கள் சிரித்துக்கொண்டே வந்தார்கள். ஒரு வாரத்தில் மச்சான் பெட்டிப் பலகைகளை அடித்து ஒரு நீள வாங்கு செய்து போட்டார். சந்தை நாளில் அதில் இடம் கிடைக்காது. பஸ் எப்போதும்போலத் தாமதித்தே வந்தது. காத்திருந்த பெண்களுக்குப் பார்க்க வேறொன்றும் இல்லாததால் அக்கா வேலை செய்வதைப் பார்த்தார்கள். சோக்கட்டியால் அவர் கோடு இழுப்பதை, கிழிந்த கம்பளி ஒன்று மூன்று சட்டையாவதை, மனத்துக்குப் பிடிக்காத தையலை யாரும் சொல்லாமலே பிரித்து மறுபடி தைப்பதைப் பார்த்தார்கள். எட்டு ஆண்டுகளாக அந்தக் கையின் ராசியைத்தான் பேசினார்கள். அந்தக் கையை அப்போதுதான் பார்த்தார்கள்.

கார்த்திகையில் ஒரு பிற்பகல், பூனாகலையிலிருந்து பாக்கியம் என்ற அம்மாவும் அவருடைய மகள் செல்வியும் வந்தார்கள். செல்விக்குத் தையில் கல்யாணம். துணி அம்மாவின் மடியில் இருந்தது. வெளியே எடுக்கத்தான் மனம் வரவில்லை. அன்று பாடசாலை முடிந்து நானும் கடையில் இருந்தேன்.

“தப்பா நெனைச்சுக்காதீங்க. இவ இங்கதான் தைக்கணுங்கிறா. எனக்குத்தான் மனசு கெடந்து அடிச்சுக்குது. இந்தக் கடையப் பத்தி ஊரே சொல்லுதே” என்றார் பாக்கியம்.

செல்வி பொறுக்கவில்லை. “ஊரு என்னைக்கும்மா வாய மூடியிருக்கு? மூணு வாரமா இந்த வாங்குலதான் குந்தியிருந்தோம். ஒரு சொட்டுத் தண்ணி மேல விழுந்துச்சா? பரிகாரம் பண்ணி நல்ல நேரம் பாத்துக் கட்டுன கடைக்குள்ள நின்னவங்கதான் இப்ப காச்சல்ல கெடக்காங்க. எது ராசியில்லாத எடம்?”

வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பாக்கியமும் சிரித்தார். துணியை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். “சரி, எடம் கெடக்கட்டும். மொத வெட்ட மட்டும் நீங்க ஒங்க கைராசியோட போட்டுக் குடுத்துருங்க.”

தை பிறக்க இரண்டு மாதம்கூட முழுதாக இல்லை. வந்திருப்பது ஒரே ஒரு துணி. “சரி” என்று சொல்லி வெட்டியிருந்தால் ஒரு நொடியில் முடிந்திருக்கும். அக்கா துணியை மேசையில் விரித்தார், அளவெடுத்தார், கோடு போட்டார். பிறகு கத்தரியைக் கீழே வைத்தார்.

“பாக்கியம் அக்கா, அளவு என்னோடது. தையல் என்னோடது. தோள்ல ஒரு சுருக்கம் விழுந்தா என்னைக் கேளுங்க, பிரிச்சுத் தச்சுத் தாரேன். ஆனா இவ வாழப்போற வாழ்க்கைக்கு எங்கைய பொணை வைக்காதீங்க. நாளைக்கு ரெண்டு பேரும் சட்டி பான உருட்டுனா, ‘தையக்காரி கை சரியில்ல’ன்னுல்ல சொல்லுவீங்க!” என்றார். கத்தரியின் பிடியைச் செல்வியின் பக்கம் திருப்பினார். “மொத வெட்டு நீ போடு ஆத்தா. கோட்ட விட்டு வெலகாத.”

“ஐயய்யோ! கல்யாணப் பொண்ணு கத்தரி புடிக்கலாமா?” என்று பாக்கியம் பதறினார்.

வாங்கின் கோடியில் கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மா சொன்னார்: “கொழுந்து கிள்ளுற கைதானே? கத்தரி புடிச்சா கொறஞ்சா போயிரும்? வெட்டு புள்ள, பஸ் வரதுக்குள்ள!”

செல்வி கத்தரியை வாங்கினாள். கோட்டின்மேல் ஒரு சாண் நீளம் நேராக வெட்டினாள். யாரோ குலவை போட்டார்கள். உடனே வாங்கு முழுவதும் குலவை. பஸ் வந்து நின்றதும், ஹோர்ன் அடித்ததும் ஒருவர் காதிலும் விழவில்லை. கண்டக்டர் நனைந்துகொண்டு வாசலுக்கு வந்து, “ஏம்மா, இங்க கல்யாணமா, தையக்கடையா? பஸ் போகுது!” என்று கத்தினார்.

“கல்யாணந்தான். அடுத்த பஸ்ல வாரோம், நீ போப்பா” என்றார் பாக்கியம்.

செல்வியின் கல்யாணம் சிறப்பாக நடந்தது. அவளும் கணவனும் சட்டி பானை உருட்டினார்களா என்பது எனக்குத் தெரியாது. உருட்டியிருந்தாலும் பழி அக்காமேல் வரவில்லை. அந்தத் தை முடிவதற்குள் பல மணப்பெண்கள் அந்த மேசையில் கத்தரி பிடித்தார்கள். அக்காவின் கடையில் பெண்ணே முதல் வெட்டுப் போடுவது பின்னாளில் ஒரு வழக்கமாகிவிட்டது. “எங்கம்மா போட்டாங்க, நானும் போடணும்” என்று கேட்டு வரும் காலமும் வரும் என்று மச்சான் சொல்வார்.

மதில் கட்டி முடிந்ததும் பஸ்கள் பழைய இடத்துக்கே போய்விட்டன. வந்தவர்கள் போகவில்லை. அந்தத் தூரத்தை நடந்தே வந்தார்கள். சித்திரை வருடப்பிறப்புக்கு முன் அக்கா இன்னும் இரண்டு மெஷின் போட்டார்.

அந்தச் சித்திரையில் வேலாயுத முதலாளி மறுபடி குடையை மடக்கிக்கொண்டு வந்தார். இம்முறை உட்கார்ந்தார். “தங்கச்சி, ராசிய நீங்க கையோட கொண்டு வந்துட்டீங்க. பாலு கடையில ஈ ஆடுது. ஒருக்கா வந்து மொத போணி பண்ணுங்க” என்றார்.

“போகாதே” என்று நான் சைகை காட்டினேன். அக்கா புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். பாலுவிடம் சிவப்பு ரவிக்கைத் துணி வாங்கினார். பிறகு கடையைச் சுற்றிப் பார்த்து, “தம்பி, நல்ல துணியெல்லாம் வெயில் படுற எடத்துல அடுக்கியிருக்கீங்க, மடிப்புல சாயம் போயிருக்கு பாருங்க. லைனிங் துணி ஏன் வைக்கல? எங்க போனாலும் பொண்ணுங்க அதத்தான் கேக்கிறாங்க” என்றார். அடுத்த வாரமே பாலு லைனிங் துணி இறக்கினார். அக்கா தன்னிடம் வந்த பெண்களை அங்கே அனுப்பினார். மகனின் கடை எழுந்து நின்றது அக்காவின் போணியால்தான் என்று முதலாளி கடைசிவரை நம்பினார். அக்காவும் அதற்குப் பிறகு அவரோடு வாதாடவில்லை.

அந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாட்குறிப்பின் ஒரு பக்கத்தில் நடுவே கோடு போட்டேன். இடப்பக்கம் அதிர்ஷ்டம், வலப்பக்கம் உழைப்பு. மதில் சரிந்தது இடம். கான் வெட்டியது வலம். டாக்டரம்மாவின் மெஷின் இடம். ரவிக்கையைப் பிரித்துத் தைத்தது வலம். பஸ் நின்றது இடம், தரை காய்ந்திருந்தது வலம். மச்சான் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, “மாப்ள, ரெண்டு பக்கமும் சமமா வருதே. எந்தப் பக்கம் செயிச்சதுன்னு சொல்லுங்க, பந்தயம் கட்டுறேன்” என்றார். அக்கா அரிசி புடைத்துக்கொண்டே கேட்டார்: “சுண்ணாம்பு வாங்கித் தந்த ஹாஜியார எந்தப் பக்கம் எழுதின? மெஷின எடுத்துக்கன்னு சொன்ன டாக்டரம்மா மனச? அம்மாவ எதுத்துப் பேசுன செல்விய?”

அந்தப் பக்கத்தில் மூன்றாவது பத்தி போட இடம் இல்லை. அதற்கான இடம் இந்த மலரில் கிடைத்திருக்கிறது.

பின்வந்த ஆண்டுகளில் நம் உறவினர் பலர் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். பயணத்துக்கான உடைகளை அக்கா எல்லா வேலைக்கும் முன்னால் தைத்துக் கொடுத்தார். அங்கே போய் அவிழ்த்துப் பெரிதாக்கிக்கொள்ளப் பிள்ளைகளின் சட்டை ஓரங்களை அகலமாக மடித்து விட்டிருந்தார். திருச்சியிலிருந்தும் மதுரையிலிருந்தும் எழுதியவர்கள் அந்த மடிப்பைத்தான் நினைவுகூர்ந்தார்கள். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் எங்கள் வரிசையில் கடைகள் எரிந்தபோது, பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா சோமா நோனா, அக்காவையும் அவர் மகள் கோமதியையும் தன் வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, அக்காவின் கடை வாசலில் வந்து நின்றுகொண்டார். கடை தப்பியது. இதை யாரேனும் அதிர்ஷ்டம் என்று சொன்னால் அக்கா கோபப்படுவார். “அந்தம்மா நின்னாங்க” என்பார்.

சென்ற ஆண்டின் தொடக்கத்தில் அக்காவுக்கு நெஞ்சு வலி கண்டது. மச்சானும் கோமதியும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டார்கள். பதுளை ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களிலும், தாதியின் கவுன் தோளில் தையல் விட்டிருப்பதைக் கண்டு ஊசி நூல் கேட்டவர் அவர். வலியின்றி, உறக்கத்தில் எங்களை விட்டுப் பிரிந்தார்.

ஆஸ்பத்திரியில் அன்போடு கவனித்த வைத்தியர்களையும் தாதியரையும், செய்தி கேட்டு லொறி பிடித்து வந்த பூனாகலை மக்களையும், சோமா நோனாவையும், வந்தவர்களுக்குச் சமைத்துப்போட்ட ஹாஜியார் வீட்டாரையும், இந்த மலருக்குத் தாள் வாங்கித் தந்த பாலுவையும் நன்றியோடு நினைக்கிறோம். மகளோடு வந்து மூன்று நாட்கள் அடுக்களையில் நின்ற செல்விக்கு நன்றி சொன்னால் அவள் சண்டைக்கு வருவாள். ஆகையால் பெயரை மட்டும் எழுதி வைக்கிறேன்.

ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். கருமாதி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாலையில் பெரியவர்கள் பேச்சு கடையைப் பற்றித் திரும்பியது. பூட்டியே கிடக்கும் கடையை யார் கையால் திறப்பது? மருமகள் கையா, சுமங்கலி கையா, நல்ல ராசியுள்ள வேறு யாரையேனும் அழைப்பதா? பஞ்சாங்கம் வந்தது. மறுநாள் ஒன்பதரை மணிக்குமேல்தான் நல்ல நேரம் என்று முடிவாயிற்று. கை யாருடையது என்பது முடிவாகவில்லை. காலையில் பேசிக்கொள்ளலாம் என்று படுத்தார்கள்.

திங்கட்கிழமை, ஆறு மணி சொச்சம். தெருவில் ஒரு தாய் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு தயங்கி நின்றார். கோமதி யாரிடமும் கேட்காமல் கடையைத் திறந்தாள். அக்கா ஆஸ்பத்திரிக்குப் போன அன்று மெஷினில் வைத்தபடி விட்டுப்போன அந்தப் பிள்ளையின் பள்ளிக்கூடச் சட்டை, ஒரு கை பாதி தைத்தபடி, ஊசி இறங்கியபடியே இருந்தது. கோமதி அதன்மேல் இருந்த தூசியை ஊதிவிட்டு உட்கார்ந்து, அம்மா நிறுத்திய இடத்திலிருந்து தையலை ஓட்டினாள்.